கோணல் பொறுக்காத கை

மேஸ்திரி எங்கள் வீட்டுக்குள் வந்ததும் உட்காரமாட்டார். வாசற்படியில் கிடக்கும் சாக்கைக் காலால் நேராகத் தள்ளுவார். சுவரில் மாட்டியிருக்கும் இயேசுநாதர் படத்தின் ஒரு மூலையைச் சுண்டுவிரலால் உயர்த்துவார். பிறகு ஓரடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மனம் ஒப்பினால்தான் மணையை இழுத்துப் போட்டு உட்காருவார். மணையையும் சுவரோடு ஒட்டி நேராக்கிய பிறகுதான்.

என் மாமியார் சிரிப்பார். "அண்ணே, அந்தப் படம் நேத்தே நேராத்தான் இருந்திச்சு."

"நேத்து இருந்திச்சு தங்கச்சி. இன்னிக்கு சாஞ்சிருக்குது. சாமியே சாஞ்சு நின்னா சனங்க இன்னா பண்ணும்?"

அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் யாரும் அவரை அந்தப் பெயரால் அழைத்து நான் கேட்டதில்லை. ஆம்பூரில் ரயில் பாதைக்கும் பாலாற்றுக்கும் நடுவே, தோல் பதனிடும் டேனரி ஆட்கள் குடியிருக்கும் வரிசையில், எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. என் கணவர் அதே டேனரியில் கணக்கர். கல்யாணத்துக்கு முன் நான் மிஷன் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால் மேஸ்திரிக்கு நான் 'டீச்சரம்மா'. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் ஒருநாள் நான் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இந்த மூணாவது வரி எறக்கத்துல போவுது" என்றார். போய்க்கொண்டுதான் இருந்தது.

டேனரியில் அவர் தொடங்கிய வேலை, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலைப் பலகையில் விரித்து, மழுங்கிய தகட்டால் சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளி எடுப்பது. பிறகு மேஸ்திரியாகி, மற்றவர்கள் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் தோலை எப்படி இழுத்து வைக்கிறோமோ அப்படியே அது காயும். காய்ந்தபின் இழுத்தால் கிழியும். "ஈரத்துல கேக்கும், காஞ்சப்புறம் கேக்காது" என்பார். இதைத் தோலுக்கு மட்டும் சொல்லமாட்டார். மண்சுவருக்குச் சொல்வார், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்குச் சொல்வார், வாலாஜாபேட்டையில் இருந்த தன் மருமகனுக்கும் சொல்வார். "அவன நான் ஈரத்துல புடிக்கல. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அவரைப் பற்றி டேனரியில் ஒரு கதை உண்டு. யாரையோ வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனவர், வண்டிக்குச் சிக்னல் காட்டும் கைகாட்டியின் கை கீழே தொங்குவதைப் பார்த்திருக்கிறார். போர்ட்டரைக் கூப்பிட்டு, "இன்னாய்யா, உன் கைகாட்டி தொங்கிப் போய்ட்டிருக்குது, ஒருத்தனுக்கும் கண்ணு தெரியலியா?" என்று கேட்டாராம். போர்ட்டர், "அது தொங்கினாத்தான் பெரியவரே வண்டி வரும். நீ நிமித்தி வெச்சா அத்தினி வண்டியும் ஊருக்கு வெளிய நிக்கும்" என்றானாம். இந்தக் கதையை அவர் முன்னாலேயே சொல்வார்கள். அவரும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வண்டி வரட்டும், நான் வாணாங்கல. ஆனா பாக்க நல்லால்ல" என்பார்.

இப்போது எனக்கு இரண்டாவதாக மகன் பிறந்திருக்கிறான். பால் கொடுக்கும்போதெல்லாம் அவன் பாதங்களை விரித்துப் பார்க்கிறேன். இரண்டும் நேராக இருக்கின்றன. இருந்தும் அடுத்த முறை மறுபடி பார்க்கிறேன். அப்போதெல்லாம் மேஸ்திரியின் ஞாபகம் வருகிறது.

மூத்தவள் பிறந்தபோது அவளுடைய வலது பாதம் உள்பக்கமாக மடிந்து, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிகால் மேலே ஏறியிருந்தது. பார்க்க வந்த பெண்கள் முதலில் துணியை விலக்கிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மாமியார், "கிரகணத்தன்னிக்கு நீ கத்திரிக்கா நறுக்கினே. நான் வாணான்னேன்" என்றார். எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு, கிரகணமும் உண்டு. நான் நறுக்கினேனா என்று எத்தனையோ நாள் யோசித்தேன். நறுக்கியதாகவும் ஞாபகம் இல்லை, நறுக்கவில்லை என்றும் நிச்சயமில்லை.

மேஸ்திரி கிரகணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, குழந்தையின் பாதத்தை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்தார். தோலின் கனம் பார்ப்பதுபோல் மெல்ல உருட்டினார். நேராகத் தள்ளினார். கொஞ்சம் வந்தது, விட்டதும் திரும்பிப் போனது.

"தோலு, எலும்பு எல்லாம் சரியாத்தான் இருக்குது. பின்னால கயிறு நீளம் கம்மி. இழுத்து வுட்டா நேராயிடும்" என்றார். அந்த வீட்டில் அன்று நம்பிக்கையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு பாசம் விழுந்துவிட்டது.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், ஆனால் வேறு மாதிரி. கெண்டைச் சதையின் நுனி வெள்ளைக் கயிறாகி, குதிகால் எலும்பில் போய்ப் பிடித்திருக்கிறது. அது நாண். சதை சுருங்கினால் நாண் எலும்பை இழுக்கும், கால் அசையும். எலும்பையும் எலும்பையும் மூட்டில் கட்டி வைப்பது வேறு ஒன்று. அது பிணைநார். அது எதையும் இழுப்பதில்லை, மூட்டு கழலாமல் பிடித்துக்கொண்டிருக்கும். என் மகளுக்கு நாண் குட்டை, உள்பக்கத்துப் பிணைநார்களும் இறுக்கம். ஆகவே பாதத்தை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் திருப்பி, அந்த நிலையிலேயே மாவுக்கட்டுப் போட்டுவைக்க வேண்டும்.

"இழை இழையா அடுக்கின கயிறு மாதிரிம்மா அது" என்றார். "சும்மா இருக்கும்போது இழை லேசா நெளிஞ்சிருக்கும். இழுத்தா முதல்ல அந்த நெளிவு நிமிரும். அதுக்கு மேல பலமா இழுத்தா நீளாது, அறும். ஆனா மெதுவா, விடாம பிடிச்சு வெச்சா, குழந்தை வளரும்போது அதுவும் கூடவே வளர்ந்து நீளும். நாம இழுக்கலை. வளர்றதுக்கு வழி காட்டறோம்."

"சரியாகிவிடுமா, டாக்டரம்மா?"

"பார்க்கலாம்."

அவர் எப்போதும் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் வாங்கி வந்தார்கள். சுத்தம் செய்யும்போது, வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கயிறு நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். கீழே குளம்பு மடங்கியது. விட்டேன், நிமிர்ந்தது. மறுபடி இழுத்தேன். மாமியார், "ஆட்டுக்கால வெச்சிக்கினு பொம்மலாட்டம் ஆடுறியா?" என்று கேட்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தேன். மூட்டைப் பிரிக்கப் பார்த்தேன், பட்டையான நார்கள் கத்திக்கும் எளிதில் மசியவில்லை. பிறகு எல்லாம் ஒரே பானையில் நெடுநேரம் வெந்தன. மாலையில் பார்த்தால் அந்தக் கயிறும் நாரும் உருகி, குழம்பு விரலில் ஒட்டியது. டேனரியில் கழிக்கும் துண்டுகளைக் காய்ச்சித்தான் வஜ்ஜிரப் பசை எடுக்கிறார்கள் என்று கணவர் சொன்னார். இவ்வளவு பிடிவாதமான ஒன்று, பொறுத்திருந்தால் இப்படி இளகுகிறதே என்று எனக்கு ஒரு சமாதானம். உடனே, வேகவைத்த ஆட்டையும் என் குழந்தையையும் ஒப்பிட்டேனே என்று மனம் கூசியது.

வாராவாரம் வேலூருக்குப் போனோம். ஆம்பூரில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து ஜட்கா வண்டி. குழந்தையின் எடையோடு மாவுக்கட்டின் எடையும் சேர்ந்து என் இடுப்பு மரத்துவிடும். பழைய கட்டை ஊறவைத்துப் பிரித்து, காலைத் திருப்பி, புதிய கட்டுப் போடும்வரை அவள் அழுவாள். திரும்பி வரும்போது இருவரும் தூங்கி விழுவோம். வீட்டுக்கு வந்தால் ஊறிய துணிகள் காத்திருக்கும். அந்தக் காலத்தை நினைத்தால் முகங்கள் அவ்வளவாக ஞாபகம் வருவதில்லை. ஈர மாவின் வாசனையும், டேனரிக் காற்றின் வாசனையும், என் தோளில் அவள் தலை கிடந்த கனமும்தான் வருகின்றன.

ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் மேஸ்திரி வாசலிலேயே நிற்பார். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் அரை விரக்கட கூட நவுரல. இன்னா வைத்தியம் டீச்சரம்மா இது? புள்ள வளந்துக்கினே இருக்குது. ஈரம் போயிட்டிருக்குது."

"மெதுவாத்தான் இழுக்கணுமாம், ஐயா."

"மெதுவா இழுத்தா திரும்பிப் போயிடும். ஒரே தபா இழுத்துட்டா திரும்பாது. இத பாரு." தன் இடது முட்டியைத் தட்டிக் காட்டுவார். அதில் எப்போதும் ஒரு தோல்பட்டை கட்டியிருப்பார். வாலிபத்தில் சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் வழுக்கி, அந்த முட்டி பக்கவாட்டில் மடங்கிவிட்டதாம். வீக்கம் வற்றிய பிறகும் முட்டி உறுதிப்படவில்லை. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று முட்டி கழன்ற கீல்போல் ஒரு பக்கம் போய்விடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளி நேராக்கிக்கொண்டு நடப்பார். "ஒருநாள்தான் இழுத்துச்சு. இத்தினி வருசமா திரும்பி வரல. இழுத்தா இழுத்ததுதான்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. படித்தவள்தானே, டாக்டரம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் எனக்குத் தெரியும். இருந்தும் அவர் பேசும்போது அவர் பேச்சு சரியென்று தோன்றும், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேசும்போது அவர் பேச்சு சரியென்று தோன்றும். ரயிலில் வரும்போது இரண்டுமே சரியில்லையோ என்று தோன்றும்.

கோடை தொடங்கியபோது மாவுக்கட்டுக்குள் வியர்த்து, கணுக்காலில் புண் வந்துவிட்டது. டாக்டரம்மா கட்டை எடுத்துவிட்டு, புண் ஆறும்வரை காலைத் திறந்து வைக்கச் சொன்னார். அதுவரை பால் கொடுக்கும் வேளையெல்லாம் குதிகாலை ஒரு கையில் பிடித்து, மறுகையால் பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, அப்படியே சற்று நேரம் பிடித்திருக்கச் சொன்னார். செய்தேன். கடுமையாகப் பிடிக்கிறேனோ, போதாமல் பிடிக்கிறேனோ என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம். மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டு இல்லாத அந்தக் கால் அவருக்குச் சாய்ந்து தொங்கும் படம்போல் இருந்திருக்க வேண்டும்.

புண் காய்ந்து பக்கு உதிர்ந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக நாள் குறித்திருந்தோம். அதற்கு முன் ஒரு பிற்பகல், நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பசியழுகை இல்லை. கையில் சோப்புடன் ஓடினேன்.

கூடத்தில் பாயின்மேல் குழந்தை கிடந்தாள். பக்கத்தில் மேஸ்திரி உட்கார்ந்து, விசிறியால் அவள் பாதத்துக்கு வீசிக்கொண்டிருந்தார். பாதத்தைச் சுற்றி, கணுக்காலைச் சுற்றி, கெண்டைவரை மயிர் களைந்த பச்சை ஆட்டுத்தோலின் வார் ஒன்று கட்டியிருந்தது. பதனிடாத தோல். ஈரத்தில் துணிபோல் மெத்தென்று இருக்கும், காய்ந்தால் சுருங்கிக் கொம்பாகிவிடும். மத்தளக்காரர்கள் கட்டுவது அந்த வார். வண்டிச் சக்கரத்தில் விரிசல் விட்டால் சுற்றுவதும் அதுதான். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு அவர் அதை ஈரமாகக் கட்டியபோது அவள் விழிக்கக்கூட இல்லையாம். கோடைக்காற்றும் விசிறியும் சேர்ந்து அதைக் காயவைத்துவிட்டன.

பாதம் நேராக இருந்தது. உள்ளங்கால் தரையைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து நான் அப்படிப் பார்த்ததில்லை. பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். நாவற்பழ நிறம்.

"அவுருங்க! அவுத்து வுடுங்க!"

"கொஞ்சம் பொறு டீச்சரம்மா. புடிச்சிக்கிச்சி. இன்னும் கொஞ்சம் காஞ்சா..."

"விரலப் பாருங்க!"

அவர் விரலைப் பார்க்கவில்லை. அதுவரை பாதத்தின் கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். விரலைப் பார்த்ததும் விசிறியைப் போட்டுவிட்டார். முடிச்சில் நகத்தை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. மாமியார் அரிவாள்மணையை எடுத்துவந்தார். வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு நூல் இடம் இல்லை. நான் அடுப்பிலிருந்த வெந்நீரை எடுக்க ஓடினேன்.

"வெந்நீ வாணாம்!" என்று அவர் கத்தினார். "வெந்நீ பட்டா இன்னும் சுருங்கும். பச்சத்தண்ணி! பச்சத்தண்ணி!"

துவைத்த துணிகளோடு கிணற்றடியில் இருந்த வாளியைத் தூக்கி வந்தேன். அவர் குழந்தையின் காலை அதற்குள் அழுத்திப் பிடித்தார். தோல் தண்ணீர் குடிக்க நேரமாகும். அவள் அழுதாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லப் பார்த்தேன், வரிகள் வரவில்லை. அவர், "குடி, குடி, சீக்கிரம் குடி" என்று அந்த வாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரம் இளகத் தொடங்கியதும் குனிந்து, மிச்சமிருந்த பற்களால் கடித்தார். ஈறில் ரத்தம் வந்தது. கடித்து, இழுத்து, கடித்து, வார் அறுந்தது.

விரல்கள் மெல்ல மெல்லச் சிவந்தன. அவள் அழுது ஓய்ந்து என் மார்பில் விக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் சுவரைப் பார்த்து, "நான்தான் புள்ளயக் குடுத்தேன். அண்ணன் சொன்னா சரியா இருக்கும்னு" என்றார். மேஸ்திரி அறுந்த வாரைக் கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். முட்டி ஒரு பக்கம் போயிற்று. அதை நேராக்காமலே நொண்டிக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே அவர் வெள்ளை வேட்டியுடன் நின்றிருந்தார். "நானும் வர்றேன். நான் பண்ணத நான்தான் சொல்லணும்" என்றார். என் கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்கும் அவரிடம் பேசப் பிடிக்கவில்லை. வண்டிக்குக் கைகாட்டி இறங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார்.

டாக்டரம்மா காலை வெகுநேரம் பார்த்தார். மேஸ்திரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தோலை எத்தனை நேரம் ஊறவைத்தார் என்பது உட்பட. டாக்டரம்மா திட்டவில்லை. மேஸ்திரியின் முட்டியிலிருந்த பட்டையைப் பார்த்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். பட்டையை அவிழ்த்து, தொடையை ஒரு கையாலும் கணுக்காலை ஒரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். முட்டியின் உள்பக்கம் கதவுபோல் திறந்து மூடியது. பார்க்க எனக்கே கூசியது.

"இங்க ரெண்டு எலும்பையும் கட்டியிருந்த பிணைநார் அறுந்திருக்கு. மறுபடி சேர்ந்துச்சு, ஆனா நீளமாச் சேர்ந்துச்சு. அதான் மூட்டு நிக்கலை."

"ஆமாங்க."

"நீங்க குதிகால் நாணை இழுக்கறதா நினைச்சீங்க. அது கொஞ்சம்கூட அசையலை. அதைவிடச் சின்ன நார்கள்தான் நடுப்பாதத்துல விட்டுக்கொடுத்திருக்கு. இங்க பாருங்க, அடி தட்டையாத் தெரியுது. ஆனா குதிகால் எங்க இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நேராக இருக்கிறதென்று நேற்று எனக்குத் தோன்றியது பாதத்தின் முன்பாதி மட்டும். குதிகால் அதே இடத்தில், மேலே இருந்தது. நடுவில்தான் பாதம் வளைந்து, வீங்கியிருந்தது.

"அப்ப இந்தக் கால் என் முட்டி மாதிரி ஆய்டுமா, தாயீ?"

"குழந்தை. வளர்ற உடம்பு. பார்க்கலாம்."

அன்றுதான் அந்தச் சொல் எவ்வளவு கனமானது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பழகியிருந்தது.

வீக்கம் வற்றிய பிறகு மறுபடி மாவுக்கட்டுகள். உள்பக்கத் திருப்பம் மெல்லச் சரியாயிற்று, குதிகால் மட்டும் இறங்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா, குதிகாலுக்குப் பின்னால் சின்னக் கத்தியை நுழைத்து நாணை வெட்டிவிட வேண்டும் என்றார். வெட்டியதும் குதிகால் இறங்கும், அப்படியே கட்டுப் போட்டால் அந்த இடைவெளியில் புதிய இழைகள் வளர்ந்து நாண் முன்னைவிட நீளமாகச் சேரும். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால்தான் அது வெள்ளையாக இருக்கிறது, அதனால்தான் சேரவும் நாளாகும்.

அந்த வார் இல்லாவிட்டால் வெட்ட வேண்டி வந்திருக்காதோ என்று கேட்டேன். இல்லாவிட்டாலும் வேண்டி வந்திருக்கலாம் என்றார். அந்த 'கலாம்' இன்னும் என்னிடம் இருக்கிறது. சில நாள் அதை ஒரு பக்கம் தள்ளுகிறேன், சில நாள் மறுபக்கம்.

கணவர், "நீயே சொல்லு" என்றார். வீட்டுக்கு வந்து, யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்ததால், மேஸ்திரியிடம் போனேன். வார் கட்டிய நாளுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கவில்லை.

"அறுத்தா சேருமா?" என்று கேட்டார்.

"சேருமாம். நீளமாச் சேருமாம்."

"என் முட்டி சேந்த மாதிரி."

"இது அப்படிச் சேர்ந்தாத்தான் நல்லதாம், ஐயா. அது மூட்டைப் பிடிச்சு நிறுத்தறது. இது இழுக்கறது. இதுக்கு நீளம் வேணும்."

அவர் தன் முட்டியைத் தடவினார். பிறகு, "என்னக் கேக்காதம்மா" என்றார். முதல் தடவையாக 'டீச்சரம்மா' என்று சொல்லவில்லை.

டாக்டரம்மாவிடம் நான் சரியென்று சொன்னேன். சொன்ன நாளிலிருந்து வெட்டிய நாள்வரை ஒவ்வொரு வேளையும் வேண்டாமென்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மேஸ்திரியும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தரையில் சரசரவென்று சத்தம் கேட்டுத் திறந்தால், நோயாளிகள் வாசலில் விட்டுப் போன செருப்புகளை மேஸ்திரி சோடி சோடியாக நேராக்கி, தாழ்வாரத்தின் ஓரக் கல்லோடு ஒட்டி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நர்ஸ் நின்று பார்த்தாள். "இன்னா தாத்தா, செருப்புக் கடை போடப் போறீங்களா?"

"கை சும்மா இருக்கமாட்டேங்குதும்மா" என்றார்.

வரிசை முடிந்தது. முதலிலிருந்து மறுபடி அடுக்கினார். கதவு திறந்து, குழந்தையின் அழுகை வெளியே வந்தபோது அவர் கையில் யாருடையதோ ஒரு ஒற்றைச் செருப்பு இருந்தது. அதை வைக்க மறந்து அப்படியே நின்றார்.

நாண் சேர்ந்தது. குதிகால் இறங்கியது. மகள் மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் நடந்தாள், ஆனால் நடந்தாள். ஆஸ்பத்திரியில் ஓரம் கெட்டியான சின்ன பூட்ஸ் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடும்போது வலது பாதம் மட்டும் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கும். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் எப்போதும் கவனித்துப் பார்க்கிறேன். கணுக்காலைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கிறது. அது புண்ணின் தழும்பா, வாரின் தழும்பா என்று சொல்ல முடியாது.

மேஸ்திரியால் அதன்பிறகு டேனரிக்குப் போக முடியவில்லை. முட்டி அடிக்கடி கழன்றது. வாலாஜாபேட்டையிலிருந்து அவருடைய மகள் வந்து அழைத்தாள். ஒரு வருஷத்துக்குள் அங்கேயே இறந்துபோனார் என்று சேதி வந்தது. நான் போகவில்லை, இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தான்.

வாலாஜாபேட்டைக்குப் புறப்படும் முன் அவர் சொல்லிக்கொள்ள வந்திருந்தார். வெகுநாளைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் வந்தார். சாக்கு கோணலாகக் கிடந்தது, இயேசுநாதர் சாய்ந்திருந்தார். இரண்டையும் தொடவில்லை. மணைமேல் உட்கார்ந்து, மாமியார் கொடுத்த காப்பியைக் குடித்தார். மகள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணை மூடவில்லை. ஒருமுறை அவள் பக்கத்தில் வந்து நின்றபோது அவருடைய வலது கை தானாக எழுந்தது. விரல்கள் பாதத்தைத் தொடும் தூரத்துக்குப் போயின. அவர் அந்தக் கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"வலி இருக்குதாம்மா அதுக்கு?"

"இல்லீங்க ஐயா. ஓடுது பாருங்க."

"ஓடுது" என்றார். "ஓடட்டும்."

எழுந்து வாசலுக்கு வந்தார். அங்கே மகளின் பூட்ஸ் ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கிடந்தது. சுவரைப் பிடித்துக் குனிந்தார். இரண்டையும் சேர்த்து, படியோடு ஒட்டி நேராக வைத்தார். பின்வாங்கிப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, வலது பூட்ஸின் முனையை ஒரு விரலால் மெல்ல உள்பக்கம் திருப்பி வைத்தார்.

அவர் தெருவில் இறங்கி நடந்தார். மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, குனிந்து பார்க்காமலே, இரண்டு காலையும் பூட்ஸுக்குள் நுழைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.